பாசி என்று நினைத்தேன்

"லாவாத்தான் சம்பில் பெலாஜாரா?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தார்.

மலேசியாவில் பள்ளிக்குப் போன யாருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கல்விச் சுற்றுலா. விடிகாலையில் பேருந்து, தாளில் மடித்த நாசி லெமாக், வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பை, திரும்பி வந்ததும் கட்டாயம் எழுத வேண்டிய ஒரு பக்கக் கட்டுரை. 28 வயதில் அலுவலகம் எனக்குக் கொடுத்த கடிதத்திலும் ஏறக்குறைய அதேதான் இருந்தது. ஜொகூர் நீரிணையின் இரண்டு கரைகளிலும் தண்ணீரின் தரத்தை அளப்பவர்கள் ஒருவர் இடத்துக்கு ஒருவர் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் நாங்கள் 14 பேர் சிங்கப்பூருக்கு இரண்டு நாள். மூன்று மாதம் கழித்து அவர்கள் இங்கே ஒரு நாள். முடிந்ததும் அறிக்கை.

'சரிசமமானவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்பது' என்ற பொருளில் ஒரு வரி கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"நான் 22 வருசம் மோட்டர்ல போய்ட்டு வந்தேன். எனக்கு ஒருத்தனும் ஃபைல் குடுக்கலையே."

அப்பா செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். காலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் பாலத்தில் மாட்டாமல் போய்ச் சேர முடியும். மழைச்சட்டைக்குள் கடப்பிதழை நனையாமல் வைக்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எல்லையைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். நீரிணையைப் பற்றியும். "பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாத்தம், அந்தப் பக்கம் வேற நாத்தம்" என்பார். சிறு வயதில் அதை நகைச்சுவை என்று நினைத்திருந்தேன். ஸ்கூடாயில் நீர்வளம் படித்த பிறகுதான் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று தெரிந்தது.

பாலம் என்கிறோமே தவிர அது பாலம் இல்லை. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்துக்குக் கல்லைக் கொட்டிக் கட்டிய கரை. 1923-இல் சரக்கு ரயில் ஓடத் தொடங்கி, 1924-இல் முறைப்படி திறந்தார்கள். படகுகள் கடக்க ஜொகூர்ப் பக்கம் ஒரு மதகும் வைத்திருந்தார்கள். அது எப்போதோ போய்விட்டது. ஆக, நூறு வருடமாக நீரிணை இரண்டாக அறுபட்டுக் கிடக்கிறது. கிழக்குப் பக்கத் தண்ணீர் மேற்கே போகாது. கடல் ஏறும், இறங்கும். ஆனால் குடத்தை ஆட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் அசைவது மாதிரிதான். ஜொகூர்க் கரையில் விழுவது சிங்கப்பூர்க் கரையிலும் தங்கும். அவர்கள் கரையில் விழுவது எங்கள் கரையிலும். இரண்டு நாட்டு மக்களும் கடந்து போவதற்காகக் கட்டிய ஒன்று தண்ணீரை மட்டும் கடக்க விடாமல் செய்தது. இதைவிட நல்ல சிறுகதைக் கரு யாருக்காவது கிடைத்தால் எழுதிக்கொள்ளலாம்.

என் வேலை எளிமையானது. கிழக்கு நீரிணையில் விழும் சில சிற்றாறுகளின் முகத்துவாரங்களில் எங்கள் சின்ன நிறுவனம் வைத்திருக்கும் கருவிகளைப் பராமரிப்பது. கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, உப்பு, வெப்பம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை எண்கள் என் கைப்பேசிக்கு வரும். 2019-இல் சுங்கை கிம் கிம் நடந்தபோது நான் இறுதியாண்டு மாணவன். மார்ச் 7 அன்று பாசிர் கூடாங்கில் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவு முதலில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைத்தான் தாக்கியது. ஒரு வாரத்துக்குள் அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடினார்கள். மருத்துவமனைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் என் சித்தி மகளும் ஒருத்தி. ஆறாம் வகுப்பு. மூச்சு விட முடியாமல், முகத்தில் கவசத்தோடு அவள் படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் நான் இந்த வேலைக்குப் போவது என்று முடிவு செய்தேன். இதை நேர்முகத் தேர்வில் சொன்னபோது மேலாளர் தலையாட்டிவிட்டு, "லாரி லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூருக்குப் போன அந்தக் காலையில் அங்கே ஒரு வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இப்போது பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்று ஆன பிறகு அதை ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. வெறும் கணக்கு. ஆகவே அந்தப் பேருந்தில் நான் கற்றுக்கொள்ளப் போனேனா, பார்க்கப்படப் போனேனா என்று எனக்கே தெரியவில்லை. பாட்டிக் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டிருந்தேன்.

முதல் நாள் காலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிரூட்டிய அறை, படக்காட்சி, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று காட்டும் வரைபடங்கள். எங்கள் ஆட்களும் பதிலுக்கு எங்கள் வரைபடங்களைக் காட்டினார்கள். இரண்டு பக்கத்து வரைபடங்களிலும் நீரிணையின் நடுக்கோட்டோடு நிறம் நின்றுவிட்டது. எங்கள் படத்தில் சிங்கப்பூர்ப் பக்கம் வெள்ளை. அவர்கள் படத்தில் நாங்கள் சாம்பல்.

நடுக்கோடு பிறகு வந்தது. நீரிணையில் நெடுங்காலம் படகிலேயே வாழ்ந்த ஒராங் செலேத்தார் மக்களுக்கு இரண்டு கரையும் ஒரே வீடாக இருந்தது. சிங்கப்பூரின் செலேத்தார் என்ற ஊர்ப்பெயரே அவர்களைச் சுட்டுவதுதான். இன்று அவர்கள் ஜொகூர்க் கரைக் கம்பங்களில் நண்டும் சிப்பியும் பிடித்துக் காலம் தள்ளுகிறார்கள். இந்தத் தண்ணீரைப் பற்றிக் கற்றுக்கொள்ளும் பயணத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அவர்களில் ஒருவரைக்கூட யாரும் அழைக்கவில்லை. எனக்கும் அந்த யோசனை வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மதியம் புலாவ் உபின் பக்கம் ஒரு மிதக்கும் மீன் பண்ணைக்குப் படகில் கூட்டிப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் பாசிர் கூடாங்கின் எண்ணெய்த் தொட்டிகளும் புகைபோக்கிகளும் கண்ணெதிரே நிற்கும். எங்கள் ஊரை நான் வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல்முறை.

பண்ணைக்காரர் அறுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். 2015 தொடக்கத்தில் பாசிப் பெருக்கம் வந்து கிழக்கு நீரிணைப் பண்ணைகளில் மீன்கள் செத்தது பற்றிச் சொன்னார். சிங்கப்பூர் முழுவதும் 500 டன்னுக்கும் மேல் போன வருடம் அது. அவருடைய பண்ணையில் ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்ததாம். கருவி எதுவும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அப்போது காற்றடிக்கும் இயந்திரங்களை முடுக்கியும் பயனில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒருவர், பொய் எச்சரிக்கைகள் வந்தால் மக்கள் பீதியடைய மாட்டார்களா என்று கேட்டார். பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி சொன்னா போதும். தப்பா இருந்தாலும் பரவால்ல. ராத்திரி பூரா மெஷினை ஓட்டுவேன். காலையில ஒன்னுமில்லன்னா டீசல் காசு போச்சு. அவ்ளோதான் லா."

அதை அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த என் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. படகுப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை மேசைப் பயிற்சி. இரண்டு பக்கத்து ஆட்களையும் கலந்து உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'விடிகாலை 3 மணி. முகத்துவாரக் கருவி ஒன்றில் கரைந்த ஆக்சிஜன் திடீரென்று இறங்குகிறது. அம்மோனியா ஏறுகிறது. நீங்கள்தான் பணியில் இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?'

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய் இரவு, 2:40-க்கு என் கைப்பேசி ஒலித்தது. ஆக்சிஜன் 1.3. வழக்கமாக அந்த இடத்தில் நாலு, நாலரை இருக்கும். அம்மோனியா ஏறிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் கருவிகளின் மேல் பாசியும் சிறு சிப்பிகளும் படியும். படிந்தால் ஆக்சிஜன் எண் பொய்யாக இறங்கும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. அதற்கு முந்தைய மாதம் இதேபோல் ஓர் அலாரத்துக்கு நான் மேலாளரை நள்ளிரவில் எழுப்பி, அவர் துறைக்குச் சொல்லி, ஆட்கள் போய்ப் பார்த்தால் பாசி. அடுத்த நாள் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆகவே அந்தச் செவ்வாய் இரவு திரையைப் பார்த்து, 'பாசி' என்று சொல்லிக்கொண்டேன். அந்தத் தரவுக்குப் பக்கத்தில் 'செல்லாது' என்று குறியிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

இதில் ஒரு விஷயத்தை எனக்குள்ளேயே பல மாதம் மறைத்து வைத்திருந்தேன். பாசி படிந்தால் எண் நாலைந்து நாளாக மெல்ல மெல்ல இறங்கும். அன்று முக்கால் மணி நேரத்தில் இறங்கியது. அது பாசி இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் படுத்தேன்.

காலை எட்டு மணிக்குப் போனேன். கருவி சுத்தமாக இருந்தது. பாலத்தின் தூண்களைச் சுற்றி வெள்ளை வயிறு காட்டிக்கொண்டு மீன்கள் மிதந்தன. நான் போவதற்குள் ஒரு முழு இறக்கம் முடிந்து, அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி நீரிணைக்குப் போய்விட்டிருந்தது. கைப்பேசியில் எண் நாலுக்கு ஏறியிருந்தது. மேலாளரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏற்கெனவே செல்லாதுன்னு போட்டுட்டல்ல, அப்படியே இருக்கட்டும்" என்றார். மாத அறிக்கையில் அந்த இரவு ஒரு வெற்றிடம். யார் கொட்டினார்கள், என்ன கொட்டினார்கள், அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்த ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நான் தூங்கினேன்.

மேசைப் பயிற்சியில் என் முறை வந்தது. எழுந்து நின்று அழகான ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். உடனே பக்கத்துக் கருவியோடு ஒப்பிடுவேன். 30 நிமிடத்தில் தளத்துக்கு ஆள் அனுப்புவேன். ஒரு மணி நேரத்துக்குள் முதல் தகவல் மேலே போகும். கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் சிங்கப்பூர்க் குழுவின் மூத்த பொறியாளர், ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி, தன் அட்டையைக் கொடுத்து, "தெளிவாகச் சொன்னாய். உன்னைப் போன்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றார். விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். பெயரைக் குறித்துக்கொண்டார்.

அவர்கள் பக்கம் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தமிழர் ஒருவர் அப்போது மைலோவைக் கலக்கிக்கொண்டே பக்கத்தில் வந்தார். அப்பா வயதுக்குச் சற்றுக் குறைவு. அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

"நல்லா சொன்னீங்க தம்பி. ஆனா ராத்திரி மூனு மணிக்கு நெஜமா எவன் எழுந்திரிப்பான்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ.

திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் தூக்கம் சரியில்லை. இரவில் எதையாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் ரைன் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். 1986 நவம்பர் 1 விடிகாலையில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயை அணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்துகளும் ஆற்றில் இறங்கின. ஆறு சிவப்பானது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்தன. கீழே இருந்த நாடுகளுக்குத் தகவல் தாமதமாகத்தான் போனது. ஊர் ஊராக ஆர்ப்பாட்டம். அடுத்த வருடமே கரையோர நாடுகள் சேர்ந்து ஆற்றுக்கு ஒரு செயல்திட்டம் போட்டன. 1993 முதல் பாசலுக்குச் சற்றுக் கீழே, வைல் ஆம் ரைன் என்ற ஜெர்மன் ஊரில், இரண்டு நாட்டுக்கும் பொதுவான கண்காணிப்பு நிலையம் இயங்குகிறது. ஒரே கட்டடம், ஒரே எண்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது நிலையம் இல்லை. அவர்களுடைய எச்சரிக்கைத் திட்டத்தில் செய்திகளை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று எச்சரிக்கை, ஆபத்து என்று தெரிந்தால். இன்னொன்று தகவல், ஆபத்து இல்லை, ஆனாலும் தெரிந்திருக்கட்டும் என்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தேடல். தண்ணீரில் ஏதோ இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை, மேலே இருப்பவர்கள் பாருங்கள் என்று அனுப்பும் செய்தி. தெரியவில்லை என்று சொல்வதற்கு ஓர் அரசாங்கப் படிவம்! எங்கள் மென்பொருளில் எனக்கு இரண்டே பொத்தான்கள்தான். செல்லும், செல்லாது.

ஐரோப்பாவைப் பார்த்து வாய் பிளப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கரைகளில் இருந்தவர்கள் இரண்டு உலகப் போரில் ஒருவரையொருவர் கொன்றவர்கள். ஆறு செத்த பிறகுதான் அவர்களுக்கும் புத்தி வந்தது. இங்கேயும் ஒன்றும் இல்லாமல் இல்லை. மலேசிய–சிங்கப்பூர் சுற்றுச்சூழல் கூட்டுக்குழு இருக்கிறது. ஆண்டுதோறும் கூடுகிறார்கள், நீரிணை நீரின் தரமும் அதில் ஒரு பொருள். ரசாயனக் கசிவுக்குக் கூட்டுப் பயிற்சிகூட நடத்தியிருக்கிறார்கள். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் ராத்திரி 2:40-க்கு என் கைப்பேசியில் வரும் ஓர் எண் கண்ணெதிரே தெரியும் அந்தப் பண்ணைக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் நிறுவனம், துறை, தலைநகரம், அந்த நாட்டு அமைச்சு, அங்கிருந்து கீழே என்று சுற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் 'உறுதியா?' என்று கேட்பார். உறுதி என்று சொல்ல முடியாதவன் முதல் படியிலேயே படுத்துவிடுவான்.

மூன்று மாதம் கழித்து அவர்கள் வந்தார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கருவிக் கூண்டுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தோம். பேனர், பூச்செண்டு, மதியத்துக்கு நாசி பிரியாணி. என்ன பேச வேண்டும் என்று மேலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். "நல்லதை மட்டும் காட்டு. கல்யாண வீட்டுல கடனைப் பத்திப் பேசக் கூடாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அடுத்த வருடத்து ஒப்பந்தத்துக்கு விலைப்புள்ளி கொடுத்திருந்தோம். எட்டுப் பேருடைய சம்பளம் அதில் இருந்தது, என்னுடையதையும் சேர்த்து.

தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்துகொண்டிருந்தது. நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். கருவியின் வகை, துல்லியம், எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்போம். முடிந்ததும் அந்த அண்ணன் தமிழில் கேட்டார்.

"இது இதுவரைக்கும் எதையாச்சும் புடிச்சிருக்கா தம்பி?"

தமிழில் கேட்டதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு பதில் தயாராக இருந்தது.

"புடிச்சுச்சுண்ணே. நான்தான் விட்டுட்டேன்."

மற்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். ஆங்கிலத்துக்கு மாறி எல்லாவற்றையும் சொன்னேன். 2:40, 1.3, பாசி, எட்டு மணி, மீன்கள், அறிக்கையில் உள்ள வெற்றிடம். மேசைப் பயிற்சியில் சொன்ன பதில் பொய் என்பதையும் சொன்னேன். மேலாளரின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தின் மேல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கூண்டு அதிர்ந்தது.

முதலில் பேசியது அந்தப் பெண் பொறியாளர். என்னை மன்னித்ததாகவோ பாராட்டியதாகவோ எதுவும் சொல்லவில்லை. அது என்ன தேதி என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார். பிறகு, தான் இளையவராக இருந்தபோது ஒரு கருவி இரண்டு நாள் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்ததையும், தண்ணீர் அமைதியாக இருக்கிறது என்று தானே எழுதிக் கையொப்பமிட்டதையும், கம்பி அறுந்திருந்தது பிறகுதான் தெரிந்ததையும் சொன்னார். இதை இதுவரை எந்தப் படக்காட்சியிலும் போட்டதில்லை என்றார். அண்ணன் தன்னுடையதைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் எப்போதும் வாய் திறக்காத தொழில்நுட்பர், மலாய்க்காரர், தன்னுடையதைச் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பேனரைக் கழற்றித் தரையில் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் நீரிணையை வரைந்தோம். நிறம் நிற்காத வரைபடம். எங்கள் கருவிகளும் அவர்கள் கருவிகளும் ஒரே படத்தில். இறக்கத்தின்போது எங்கள் ஆற்றுத் தண்ணீர் எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்று அந்த மலாய்க்காரர் விரலால் இழுத்துக் காட்டினார். அவர் மீன் பிடிப்பவர், மாதிரிக் கணிப்பெல்லாம் தேவைப்படவில்லை. அண்ணன் எனக்கு ஒரு காரியம் சொல்லிக் கொடுத்தார். அலாரத்தை எண்ணுக்கு மட்டும் வைக்காமல் அது இறங்கும் வேகத்துக்கும் வைப்பது. மெல்ல இறங்கினால் 'துடைக்கவும்'. சடாரென்று இறங்கினால் 'எழுந்திரு'. எனக்குத் தெரிந்ததுதான். மூளையில் இருந்ததைக் கருவிக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றாமல் போனது. ராத்திரி மூன்று மணிக்கு மூளையை நம்பக் கூடாது என்பது அவருடைய கட்சி.

பிரியாணி ஆறிப்போனது. சமையல்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார்.

பயணம் பற்றிய அதிகாரப்பூர்வ அறிக்கையில் இந்த இரண்டரை மணி நேரம் ஒரே வரி. 'திறந்த மனத்துடன் கருத்துகள் பரிமாறப்பட்டன.' பேனரை யாரோ துடைத்துத் திரும்பப் பயன்படுத்தப் பார்த்து, மை போகாததால் தூக்கிப் போட்டுவிட்டார்கள். படம் எடுத்து வைத்திருந்தேன்.

எனக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. துஞ்சோக் செபாப் என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் ஒரு நடுக்கம்தான். அப்பா அதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இதுக்குத்தான் ஃபைல் குடுத்தாங்களா" என்றார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடச் சம்பள உயர்வு போனது, வேலை போகவில்லை. ஒப்பந்தமும் போகவில்லை. அது மேலாளருக்கே ஆச்சரியம். அந்த இரவின் தரவில் இருந்த 'செல்லாது' குறியை நீக்கக் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் ஐந்து மாதமாகக் கிடப்பில் இருக்கிறது. வேகத்துக்கான அலாரத்தை மட்டும் எல்லாக் கருவிகளிலும் வைத்துவிட்டோம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இதுவரை இரண்டு முறை எழுப்பியிருக்கிறது. ஒரு முறை மழைத் தண்ணீர். இன்னொரு முறை பெட்ரோல் செலவும் கொசுக்கடியும்தான் மிச்சம்.

சிங்கப்பூர் வேலைக்கான விண்ணப்பம் இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. அந்தப் பெண்மணி நான் சொன்ன தேதியை எதற்குக் குறித்துக்கொண்டார் என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த வாரத்தில் பண்ணைகளில் ஏதாவது ஆனதா என்று பார்ப்பதற்காக இருக்கலாம். அப்படி ஏதாவது தெரிந்திருந்தால் எனக்குச் சொல்ல அவருக்கும் முறைப்படி ஒரு வழி இல்லை. கேட்க எனக்கும் இல்லை.

அடுத்த சுற்றுப் பயணத்துக்கான பட்டியலில் என் பெயர் இல்லை. அந்த மலாய்க்காரரின் பெயர் இருக்கிறது, அதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஒராங் செலேத்தார் கம்பத்திலிருந்து ஒருவரையாவது சேர்க்கச் சொல்லி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தீபாவளியன்று காலை, எண்ணெய்க் குளியலை முடித்து வந்தபோது அண்ணனிடமிருந்து ஒரு வாட்சப். விளக்குப் படம், வாழ்த்து, கீழே ஒரு வரி: "தண்ணி எப்படி இருக்கு தம்பி?"

நலமா என்றுதான் கேட்கிறாரோ என்று ஒரு நொடி யோசித்தேன். தரவை வெளியே கொடுக்கக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செயலியைத் திறந்து பார்த்தேன். 4.6. அம்மா முறுக்குத் தட்டோடு வந்து, "இன்னிக்குமா போன்" என்றார்.

"இன்னிக்கு நல்லாருக்குண்ணே" என்று அனுப்பினேன்.